ஓசூருக்குக் கடல் இல்லை என்று யார் சொன்னது?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள். படிக்காமல் மட்டும் திட்டாதீர்கள்.

நம் ஊரில் மனை விற்பவர் முதல் மேடையில் மைக் பிடிப்பவர் வரை எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, கடல் எங்கோ இருக்கிறது, புயலும் வெள்ளமும் சென்னைக்காரர்களுக்கும் கடலூர்க்காரர்களுக்கும் உள்ள தலைவலி, நமக்கு ஏசி போட்ட மாதிரி காற்று, வாங்கிப் போடுங்கள் என்று.

முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். உயரம் சரி. மற்றதெல்லாம் தவறு.

மனைத் தரகரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் தொழில் அது. என் சண்டை வேறு ஆட்களோடு. "கடலோரப் பகுதிகளில் பருவநிலை மாற்ற அபாய மதிப்பீடு" என்று தடித்தடியாக அறிக்கை தயாரிக்கிறார்களே, அவர்கள் கடற்கரையில் கோடு கிழித்து அதோடு நின்றுவிடுகிறார்கள். நாமோ மலைமேல் உட்கார்ந்துகொண்டு நமக்கென்ன என்று இருக்கிறோம். அவர்கள் கோட்டுக்கும் நம் மலைக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அது இருவர் கணக்கிலும் இல்லை. கணக்கில் வராத அந்த ஆறுதான் 2024 டிசம்பரில் ஊர் ஊராக வீட்டுக்குள் புகுந்தது.

அந்த நாட்களை மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததும் ஓடிவிடவில்லை. மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மறுநாள் காலைக் கணக்கில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தொலைக்காட்சிகள் அத்தனையும் கடற்கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றன. அதற்கு அடுத்த நாள் காலை, டிசம்பர் 2, மழைமானியைப் பார்த்தால் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். எங்கே? கடலூரிலா? நாகப்பட்டினத்திலா? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில்.

ஊத்தங்கரைக்கும் கடலுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் காகிதக் கப்பல் போல அடித்துக்கொண்டு போன காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், பகிர்ந்தீர்கள், இரண்டு நாளில் மறந்தும் போனீர்கள்.

50 சென்டிமீட்டர் என்றால் என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர். ஓசூர்க்காரர்களுக்குப் புரிகிற அளவில் சொன்னால், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 41,000 லோடுக்கு மேல். இது ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு, ஒரே நாளில். கோடையில் ஒரு லோடுக்கு நாம் படுகிற பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதும் புரியாத ரகசியம் இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். சூடான கடல்மேல் உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்த புயல், கரையில் நின்று கொஞ்சம் கக்கும், உள்ளே வந்து மீதியைக் கக்கும். புயலின் காற்றுதான் கரை தாண்டினால் வலுவிழக்கும். அதன் தண்ணீருக்குக் கரை எது, மலை எது?

ஊத்தங்கரையில் பெய்த மழை அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அந்தப் பக்கத்து நீர் பாம்பாற்றில் இறங்குகிறது. பாம்பாறு தென்பெண்ணையில் சேர்கிறது. தென்பெண்ணை நேரே சாத்தனூர் அணைக்குப் போகிறது.

தென்பெண்ணையின் வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கிறது. பெங்களூரின் கிழக்குப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு, பாகலூர்ப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், நெடுங்கல், அப்புறம் சாத்தனூர், திருக்கோவிலூர், விழுப்புரத்து ஊர்கள், கடைசியில் கடலூர்க் கடல். 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஆறு. கடலூருக்குப் போகும் இந்த ஆற்றுக்கு நம் மாவட்டம்தான் நெஞ்சுப் பகுதி.

சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7.32 டி.எம்.சி. டிசம்பர் 2 அதிகாலை அங்கிருந்து திறக்கப்பட்ட நீர் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி. இந்த வேகத்தில் நீர் போனால், முழுதாக நிரம்பிய சாத்தனூர் அணையே சுமார் 12 மணி நேரத்தில் காலி. நம் கிருஷ்ணகிரி அணை அளவுக்கு ஓர் அணை என்றால் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. அகரம்பள்ளிப்பட்டு அருகே 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆன பாலம் போயிற்று.

அந்தப் பாலத்துக்குச் சொல்லப்பட்ட விளக்கத்தைக் கவனியுங்கள். விநாடிக்குச் சுமார் 54,000 கன அடி போகும் என்று கணக்கிட்டுக் கட்டினார்களாம், அதைவிட மிக அதிகமாக வந்துவிட்டதாம். நான் இதைப் பொய் என்று சொல்லவில்லை. உண்மை என்றுதான் சொல்கிறேன். உண்மை என்பதால்தான் பயமாக இருக்கிறது. வந்தது, கணக்கிட்டதைப் போல மூன்று மடங்கு. தாத்தா காலத்து மழையை வைத்து, பேரன் நடக்கப்போகிற பாலத்துக்கு அளவெடுக்கிறோம். பாலம் போனால் இன்னொரு 16 கோடி ரூபாயில் கட்டிக்கொள்ளலாம். அதே பழைய கணக்கில் கட்டிய ஏரிக்கரைகள், மதகுகள், கல்வெட்டுகள், தரைப்பாலங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கின்றன என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா?

சாத்தனூரைச் சொல்லாமல் கொள்ளாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சி சொன்னது. படிப்படியாக எச்சரிக்கை கொடுத்துத்தான் திறந்தோம் என்று அரசு சொன்னது. சட்டமன்றம் வரை இந்தச் சண்டை நடந்தது. அதில் எந்தப் பக்கமும் நிற்க எனக்கு ஆசை இல்லை. என் கேள்வி வேறு. மேலே ஊத்தங்கரையில் வானம் கிழிந்து கொட்டிக்கொண்டிருந்தபோது, அந்த நீர் எத்தனை மணிக்குச் சாத்தனூரை அடையும், எத்தனை மணிக்குத் திருக்கோவிலூரை அடையும், எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று மக்கள் கையில் ஒரு வரைபடம் இருந்ததா? "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்றால் எது பாதுகாப்பான இடம்? அதைச் சொல்லாத எச்சரிக்கை ஏட்டுச் சுரைக்காய்.

இப்போது அறிக்கைகளுக்கு வருகிறேன்.

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தோம். இப்போது அரசு அதைத் திருத்திவிட்டது. புதிய கணக்கு 11,098 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரை 906 கிலோமீட்டரிலிருந்து 1,068 கிலோமீட்டர் ஆகிவிட்டது. கடல் வளர்ந்துவிட்டதா? இல்லை. அளக்கிற கோல் நுணுக்கமானது. பழைய கணக்கு பெரிய பெரிய வளைவுகளை மட்டும் பார்த்தது. புதிய கணக்கு சின்ன வளைவு, நெளிவு, முகத்துவாரம் எல்லாவற்றையும் பார்த்தது. கரை அதேதான்.

ஆபத்தை அளப்பதும் அப்படித்தான். எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் நாட்டின் கடற்கரை முழுவதற்கும் பாதிப்புக் குறியீட்டு வரைபடம் போட்டிருக்கிறது. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. அதில் எடுத்துக்கொண்டவை ஏழு: கரை எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது, கடல்மட்டம் எவ்வளவு உயர்கிறது, கரையின் உயரம், கரையின் சரிவு, நில அமைப்பு, ஓதத்தின் ஏற்ற இறக்கம், அலையின் உயரம். ஏழும் கடலைப் பார்த்து நின்றுகொண்டு அளப்பவை. முதுகுக்குப் பின்னால் ஆறு கொண்டுவரும் வெள்ளத்துக்கு என்று தனியாக ஓர் அளவீடு அதில் இல்லை.

கடலோர மாவட்டங்கள் 14 என்று பட்டியல் போடுகிறோம். கடலூர் அதில் உண்டு. கிருஷ்ணகிரி இல்லை. சட்டப்படி சரி, கடல் இல்லைதான். ஆனால் கடலூரை மூழ்கடிக்கும் நீரில் ஒரு பங்கு கிருஷ்ணகிரியில் விழுகிறது. அப்படியிருக்க, கிருஷ்ணகிரியை விட்டுவிட்டுக் கடலூரின் ஆபத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள்? மாணவன் ஒருவன் கூட்டல் கணக்கில் பெரிய எண்ணை விட்டுவிட்டுக் கூட்டினால் எத்தனை மதிப்பெண் போடுவோம்?

ஆறு கடலைச் சேரும் இடத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு சொல்கிறது. ஒரு சாண் அளவுதானே என்று சிரிக்காதீர்கள். வாய்க்கால் வெட்டத் தெரிந்த விவசாயியைக் கேளுங்கள், கடைமடையில் ஒரு சாண் மேடானால் தலைமடையில் என்ன ஆகும் என்று. புயல் நாளில் கடல் பொங்கி நிற்கும். முகத்துவாரத்தில் ஆற்றை உள்ளே விடாது. மேலேயிருந்து லட்சக்கணக்கான கன அடி இறங்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் கடலூர் மக்கள். 2004இல் சுனாமியில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொடுத்த மாவட்டம் அது. 2011 டிசம்பர் 30இல் தானே புயலில் முந்திரியையும் பலாவையும் வேரோடு இழந்த மாவட்டம் அது. அந்த மக்கள் கடலைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொண்டார்கள். மலையைப் பார்த்தும் பயப்பட வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் மலைமேல் இருக்கும் நாம் அவர்களுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

முதலாவது, ஏரி. நம் முன்னோர் இந்த வறண்ட மேட்டு நிலத்தில் ஏரிக்குக் கீழே ஏரி, அதற்குக் கீழே இன்னொரு ஏரி என்று சங்கிலியாக வெட்டி வைத்தார்கள். அது பாசனத்துக்கு மட்டுமல்ல, வெள்ளத்தின் வேகத்துக்கும் கடிவாளம். ஒவ்வோர் ஏரியும் கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்து, மெதுவாகக் கீழே விடும். இன்று வரத்துக் கால்வாயில் வீடு, உபரிநீர்க் கால்வாயில் கடை, ஏரி வயிற்றில் சாலை, நிலத்துக்கு மேல் கான்கிரீட். மழை விழுந்த மறு நிமிடமே எல்லாம் ஒரே சமயத்தில் ஆற்றுக்கு ஓடுகிறது. நாம் இங்கே மூடிய ஒவ்வொரு கால்வாயும் கீழே யாரோ ஒருவர் வீட்டு வாசலில் திறக்கிறது.

இரண்டாவது, மணல். கடற்கரை என்பது பெரும்பாலும் ஆறு கொண்டுவந்து கொடுத்த மணல். அணைகள் மணலைத் தடுக்கின்றன. தடுத்தது போக மிச்சத்தை லாரிகள் அள்ளிவிட்டன. கரைக்கு மணல் வரவில்லை என்றால் கடல் சும்மா இருக்குமா? கரையைத் தின்னும். 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஒப்பிட்டு மத்திய அரசின் கடலோர ஆராய்ச்சி மையம் சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டுக் கடற்கரையில் 40 சதவீதத்துக்கு மேல் அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது. துறைமுகமும் தூண்டில் வளைவும் காரணம் என்பார்கள், உண்மை. ஆற்று மணல் வராததும் காரணம். அந்த மணலில் ஒரு பங்கு ஓசூர், கிருஷ்ணகிரிக் கட்டடங்களில் தூணாக நிற்கிறது.

மூன்றாவது, நுரை. இதை நான் சொல்லவே வேண்டாம். கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் பனிமலை போல நுரை எழும்பித் தரைப்பாலத்தையே மறைக்கிறது. ஆண்டுதோறும் செய்தியாகிறது. பெங்களூர் காவிரி நீரை மேலே ஏற்றிக் குடிக்கிறது, குளிக்கிறது, தொழிற்சாலைக்குக் கொடுக்கிறது. கழிவில் பெரும்பங்கு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு வருகிறது. ஏரி நீரே தீப்பிடித்து எரிந்த பெல்லந்தூர் அது. அந்த நீர் நம் வயல் வழியாகப் போய்க் கடைசியில் கடலைச் சேர்கிறது.

இங்கே ஒரு குரல் எழும் என்று தெரியும்: "எல்லாம் கர்நாடகக்காரன் செய்வது சார், நாம என்ன பண்ண முடியும்?" கர்நாடகத்தின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. மார்க்கண்டேய நதியில் அவர்கள் அணை கட்டியபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. போகத்தான் வேண்டும். ஆனால் ஒன்று யோசியுங்கள். கீழே இருக்கிற கடலூர்க்காரருக்கு நாம்தான் கர்நாடகம். பெங்களூரிடம் நாம் என்ன நியாயம் கேட்கிறோமோ, அதே நியாயத்தைக் கடலூர் நம்மிடம் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

சரி, கடலூர் எக்கேடும் கெட்டுப் போகட்டும், எனக்கு என் வேலை முக்கியம் என்று சொல்கிற தம்பிகளுக்காக அடுத்ததைச் சொல்கிறேன்.

உன் வேலையும் கடலில்தான் மிதக்கிறது, தம்பி.

எண்பதுகளில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொடங்கியது. இன்று சிப்காட் தாண்டி சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டை வரை மின்சார ஸ்கூட்டரும் செல்போன் பாகமும் செய்கிறோம். உதிரிபாகம் எங்கே இறங்குகிறது? செய்த பொருள் எங்கே கப்பல் ஏறுகிறது? ஓசூரில் கப்பல் நிற்பதில்லை. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களை நம்பித்தான் இத்தனை ஷிப்டும் ஓடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை வட்டாரத்துக் கார், செல்போன் தொழிற்சாலைகளே உற்பத்தியை நிறுத்தின. அங்கிருந்து பாகம் வராவிட்டால் இங்கே லைன் எத்தனை நாள் ஓடும்? லைன் நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது யார்? மேலாளரா, ஒப்பந்தத் தொழிலாளியா?

அந்த ஒப்பந்தத் தொழிலாளி எங்கே குடியிருக்கிறார் என்றும் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள், ஒரு ரூமில் ஆறு பேர் எட்டுப் பேர். வாடகை எங்கே குறைவு? பள்ளத்தில், கால்வாய் ஓரத்தில். வெள்ளம் முதலில் நுழைகிற ரூம் அது. எச்சரிக்கை செய்தி தமிழில் வரும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற எல்லை ஊர் இது. அதில் இந்தியும் ஒடியாவும் மட்டும் தெரிந்த பையனுக்கு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகிற அறிவிப்பு புரியுமா?

ஆபத்து என்றால் என்ன என்று விஞ்ஞானிகள் சொல்வதில் மூன்று பங்கு உண்டு. வருகிற சீற்றம் ஒன்று. அதன் வழியில் யார், என்ன இருக்கிறது என்பது இரண்டு. இருப்பவருக்குத் தாங்கும் சக்தி எவ்வளவு என்பது மூன்று. மழை இயற்கை தருவது. மற்ற இரண்டும் நாம் செய்து வைத்தது. நாம் செய்ததை நாம்தான் மாற்ற முடியும்.

"நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது சார், அதற்குப் போய்…" என்பார்கள். நூறு வருடத்துக்கு ஒருமுறை என்பது பஞ்சாங்கம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். 30 வருடத் தவணையில் வீடு வாங்குகிறவருக்கு அந்தத் தவணை முடிவதற்குள் அது வந்துசேர நூற்றுக்கு 26 வாய்ப்பு. அதுவும் பழைய மழைக் கணக்கில். சூடேறும் உலகத்தில் அந்த "நூறு" சுருங்கிக்கொண்டே வருகிறது.

"இப்படிப் பேசினால் தொழில் வராது, வளர்ச்சி கெடும்" என்று இன்னொரு குரல் உண்டு. இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூன் 27இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரட்டும். நான் எதிரி அல்ல. ஆனால் 2,000 ஏக்கர் என்பது 8 சதுர கிலோமீட்டர். மேலே போட்ட டேங்கர் கணக்கை எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த நிலத்துக்குள் எத்தனை ஓடை, எத்தனை குட்டை, எத்தனை ஏரிக்கு வரத்து இருக்கிறது? ஓடுபாதைக்கு மேல் விழுகிற மழை எந்த ஏரிக்குப் போகும், அந்த ஏரிக்கரை தாங்குமா? சென்னையில் அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி ஓடுபாதை போட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையத்தை நாள்கணக்கில் மூடி வைத்தார்கள். 2022 செப்டம்பரில் பெங்களூரில் கோடீஸ்வரர் குடியிருப்புகளிலேயே டிராக்டர் ஓட்டி ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். கடல் இல்லாத, நம்மைப் போலவே உயரமான பெங்களூர். பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்த்தும் பாடம் படிக்காதவனை என்ன சொல்வது? கேள்வி கேட்பது வளர்ச்சிக்கு எதிரி அல்ல. கணக்குப் போடாமல் கட்டுவதுதான் எதிரி.

என்ன வேண்டும் என்று கேட்கிறீர்களா? தெளிவாகச் சொல்கிறேன்.

1. நந்தி மலையிலிருந்து கடலூர் முகத்துவாரம் வரை தென்பெண்ணைக்கு ஒரே அபாய மதிப்பீடு வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என்று துண்டு துண்டாக வேண்டாம். தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் பருவநிலை மாற்ற இயக்கம் அமைத்து, ஆட்சியரைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். இந்த ஆறு ஓடும் மாவட்டங்களின் ஆட்சியர்கள் ஒரே மேசையில் உட்காரட்டும்.

2. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, பாம்பாறு, சாத்தனூர் அணைகளின் நீர்வரத்தும் திறப்பும் மணிக்கு மணி ஒரே இடத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகு 2017 நவம்பர் 29இல் உடைந்ததை நாம் பார்த்தவர்கள். அணை பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. பழைய அணைகளுக்கும் ஐந்தாண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாராக வேண்டும் என்கிறது. அந்தக் கெடு 2026 டிசம்பரில் முடிகிறது. நம் அணைகளின் திட்டம் எங்கே? அதைத் தமிழில் வெளியிட்டு, ஆற்றோர ஊராட்சிகளில் சுவரில் ஒட்டுங்கள்.

3. எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும் என்ற வரைபடம் பள்ளிகளில் தொங்க வேண்டும். மாணவர்களைக் கொண்டே தங்கள் ஊர் ஏரி, கால்வாய், கல்வெட்டுகளைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். எந்த ஆலோசனை நிறுவனத்தையும்விட நன்றாகச் செய்வார்கள், நான் உத்தரவாதம்.

4. புதிய தொழிற்பேட்டை, விமான நிலையம், மனைப்பிரிவு எதற்கும் அனுமதி தரும் முன், கீழே உள்ள ஏரிக்கும் ஊருக்கும் என்ன ஆகும் என்ற நீர்க்கணக்கு பகிரங்கமாக வர வேண்டும்.

5. எச்சரிக்கைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா மொழிகளில் வர வேண்டும். தொழிற்சாலை வாசலிலும் விடுதி வாசலிலும் ஒலிக்க வேண்டும்.

இதில் எதற்கும் ஆயிரம் கோடி வேண்டாம். ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு விடுவித்த பேரிடர் நிதி 944 கோடியே 80 லட்சம் ரூபாய். மாநிலம் உடனடியாகக் கேட்டது 2,000 கோடி. ஒரே ஒரு புயலுக்கு. வந்தபின் அழுவதற்கு இவ்வளவு என்றால், வருமுன் அளப்பதற்கு அதில் ஒரு துளி ஒதுக்கக் கூடாதா?

கடைசியாக என் பழைய மாணவர்களுக்கு. உங்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், பொதுப்பணித் துறையிலும் வருவாய்த் துறையிலும் இருக்கிறீர்கள், ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறீர்கள், மனை வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். வரும் கிராம சபையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஏரி உபரிநீர் எந்த வழியாகப் போகிறது, அந்த வழி இப்போது திறந்திருக்கிறதா?" பதில் வரும்வரை உட்காராதீர்கள். பதிலை எழுதி வாங்குங்கள். அதைப் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள். ஊர் ஊராகச் சேர்ப்போம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அந்தப் பட்டியலை ஆட்சியரிடம் கொண்டுபோய்க் கொடுக்க நான் வருகிறேன். கூட வருகிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.